சிரிக்கச் சிரிக்கப் பாடம் சொல்லும் நிகழ்ச்சிகள் ஒருதலைப்பட்சமானவையா?

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வரலாறு, அறிவியல், அரசியல் என எதையும் நகைச்சுவையாக விளக்கும் நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், நம் மீனவர்கள் ஏன் எல்லை தாண்டுகிறார்கள் என்று விளக்கும் ஒரு நிகழ்ச்சியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். விசைப்படகில் டிரைவராக இருக்கும் கணவர், "முழுக்க எங்களுக்கு எதிராக எடுத்திருக்கிறார்கள்" என்று பாதியிலேயே எழுந்துவிட்டார். நாட்டுப்படகு வைத்திருக்கும் கொழுந்தன், "விசைப்படகுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்" என்றார். மகனோ, "சொன்னதெல்லாம் உண்மைதானே சித்தப்பா, நீங்கள்தான் ஒரு பக்கமாக நின்று பார்க்கிறீர்கள்" என்றான். மூவரில் யார் சொல்வது சரி, பிள்ளையை இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்க்க விடலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, பார்க்க விடுங்கள். இந்த நிகழ்ச்சிகளில் சாய்வு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் சொல்லப்பட்ட தகவல்களில் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சிரிப்புக்காக யாரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் மூவரும் ஆளுக்கொரு பங்கு சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். மூவரும் கவனிக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

நீங்கள் குறிப்பிட்ட நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். கல்வி ஒலிபரப்புகளுக்கு எழுதிக் கொடுத்தவன், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பேசிப் பழகியவன் என்பதால், முதலில் தகவல்களைத்தான் சரிபார்த்தேன். 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பற்றிச் செய்த உடன்பாடுகள், கச்சத்தீவு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பது, கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது எல்லாம் சரியாகவே இருந்தன. பிழை என்று விரல் வைக்க ஓரிடமும் இல்லை. உங்கள் மகன் சொன்னது அந்த அளவில் சரி.

ஆனால் திரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோட் போட்ட தொகுப்பாளர் வரைபடத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார். இந்தப் பக்கம், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றிய ஒருவர் அட்டைப் படகின் ஓரத்தில் குனிந்து, டார்ச் விளக்கை அடித்துத் தண்ணீருக்குள் கோட்டைத் தேடுகிறார். "கோடு கிழித்திருப்பதாகச் சொன்னார்களே, அலை அழித்துவிட்டதா?" என்று கேட்கிறார். பின்னணியில் சிரிப்பொலி. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதே சிரிப்பொலி. தொகுப்பாளர் பேசும்போது அது ஒருமுறைகூட வரவில்லை.

ராமேசுவரத்தில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுகளில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஜி.பி.எஸ். இல்லாமல் அவை போவதில்லை. எந்த இடத்தில் எல்லை என்பது உங்கள் கணவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எல்லை தாண்டுவது அறியாமையால் நடக்கும் காரியமே அல்ல. 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து, இழுவைப் படகையும் இறால் ஏற்றுமதியையும் அரசே வளர்த்தது. கடன் கொடுத்தது, மானியம் கொடுத்தது. பாக் நீரிணை ஆழம் குறைந்த, குறுகிய கடல். அத்தனை படகுகளும் இழுத்தால் இந்தப் பக்கம் மீன் எப்படி மிஞ்சும்? படகின் மீது கடன், டீசல் விலை, கரையில் காத்திருக்கும் வியாபாரியின் முன்பணம் எல்லாம் சேர்ந்துதான் படகை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. அங்கே வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழர்களே. போர் முடிந்த 2009க்குப் பிறகு மறுபடி கடலில் இறங்கி, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொழிலை எடுத்துக் கட்டிய மன்னார், யாழ்ப்பாணக் கரைக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த நிகழ்ச்சியில் வரவில்லை.

அதிகாரிகள், ஏற்றுமதியாளர்கள், வங்கிக் கடன், அறுபது, எழுபது ஆண்டுக் கொள்கை ஆகியவற்றையெல்லாம் நகைச்சுவைக் காட்சியில் நடிக்க வைக்க முடியாது. நகைச்சுவைக்கு ஒரு முகம் வேண்டும். காரணங்களுக்கு முகம் கிடையாது. ஆகவே எழுதுகிறவர் கைக்கு எட்டிய முகத்தைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்துகிறார். அது பெரும்பாலும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாதவரின் முகமாகவே அமைந்துவிடுகிறது. எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக இருபத்துச் சொச்சம் நிமிடம்தான் கையில் நிற்கும். அதற்குள் விளக்கவும் வேண்டும், சிரிக்க வைக்கவும் வேண்டும். அந்த அவசரத்தில் எட்டும் தூரத்தில் இருப்பவரே பலியாகிறார்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. இந்த வகை நிகழ்ச்சிகளில் உலகம் முழுக்கப் புகழ் பெற்றது பிரிட்டனில் பி.பி.சி.யின் குழந்தைகள் அலைவரிசை 2009 முதல் ஒளிபரப்பிய 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்'. டெர்ரி டியரியின் நூல்களை வைத்து எடுத்தது. வரலாற்றின் அழுக்கையும் அபத்தத்தையும் பாட்டும் கூத்துமாகச் சொல்லும். ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வரலாற்றின் பக்கம் திருப்பிய நிகழ்ச்சி அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் ஒரு காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் அப்படியே அதற்குள் இருக்கிறது.

1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியப் போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தவர்களில் இருவர் பெயர் பெற்றவர்கள். ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். இன்னொருவர் ஜமைக்காவில் பிறந்த கலப்பினப் பெண் மேரி சீகோல். நைட்டிங்கேலை நம் பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும், சீகோலைப் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இந்த மறதியைச் சுட்டிக்காட்ட நினைத்தது நிகழ்ச்சி. நோக்கம் மிக நல்லது. அதற்காக அமைத்த காட்சியில், வேலை கேட்டு வந்த சீகோலை அவருடைய இனத்தைக் காரணம் காட்டி நைட்டிங்கேலே தட்டிக் கழிப்பதாக வைத்தார்கள். நைட்டிங்கேலின் பெயரைக் காக்க இயங்கும் ஒரு சங்கம் புகார் கொடுத்தது. அப்போது பி.பி.சி.யை மேற்பார்வை செய்த பி.பி.சி. அறக்கட்டளை 2014இல் புகாரை ஏற்றுக்கொண்டது. நைட்டிங்கேல் அப்படிச் செய்ததற்கு ஆதாரம் இல்லை, காட்சி துல்லியத்துக்கான விதியை மீறிவிட்டது என்றது தீர்ப்பு.

நைட்டிங்கேலுக்கு அநியாயம் செய்தார்கள், புகார் கொடுத்தார்கள், நீதி கிடைத்தது என்று இத்தோடு முடித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். சீகோல் 1857இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் புரட்டினால், லண்டனில் அவரைப் போர் அலுவலகம் திருப்பி அனுப்பியது தெரியும். செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த நைட்டிங்கேலின் துணைவர்களில் ஒருவரும் மறுத்துவிட்டார். தன் தோலின் நிறம் காரணமாக இருக்குமோ என்று அவரே வேதனையோடு எழுதியிருக்கிறார். ஆனால் துருக்கியில் போர் மருத்துவமனை இருந்த ஸ்குட்டாரியில் நைட்டிங்கேலை நேரில் சந்தித்ததை எழுதும்போது அந்தக் கசப்பு இல்லை. தன்னை அன்பாகவே நடத்தினார், ஒரு இரவு தங்க இடம் ஏற்பாடு செய்தார் என்றே பதிவு செய்திருக்கிறார்.

அப்படியென்றால் அநீதி நடந்தது உண்மை. நிறவெறி பற்றிய சந்தேகமும் கற்பனை அல்ல, பாதிக்கப்பட்டவரே எழுதி வைத்த சந்தேகம். ஆனால் அநீதி செய்தது ஒரு அலுவலகம், ஒரு நடைமுறை, பெயர் மறந்துபோன சில மனிதர்கள். காட்சிக்கு அவர்கள் போதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகம் தேவைப்பட்டது, பழி அந்த முகத்தின் மேல் போய் உட்கார்ந்தது. சீகோலுக்கு நியாயம் தேடிப் போனவர்கள் போர் அலுவலகத்தைச் சத்தமில்லாமல் விடுதலை செய்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அறக்கட்டளையின் தீர்ப்பு நைட்டிங்கேலை மீட்டது. போர் அலுவலகத்தைத் திரும்பக் கூண்டில் ஏற்ற யாரும் வரவில்லை. நம் நிகழ்ச்சியில் கைலி கட்டியவர் டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போது, இழுவைப் படகை இந்தக் கடலுக்குள் இறக்கிவிட்ட கொள்கையும் இப்படித்தான் தப்பித்துப் போகிறது.

'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' பற்றி எழுந்த இன்னொரு சண்டை வேறு வகை. விக்டோரியா மகாராணி தன் நாட்டுப் பெருமையைப் பாட, தேநீரும் சர்க்கரையும் பருத்தியும் பிரிட்டனில் விளைந்தவை அல்ல என்று பணியாள் எடுத்துச் சொல்லும் பாட்டு. முதலில் ஒளிபரப்பானது 2009இல். அப்போது பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. 2020 ஜனவரி 31, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய நாளில், அந்தப் பாட்டை மறுபடி எடுத்து வெளியிட்டார்கள். நாட்டை இழிவுபடுத்துகிறார்கள் என்று கொந்தளிப்பு. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது நாள். எதை எந்த நாளில் எடுத்துப் போடுகிறோம் என்பதிலும் ஒரு பக்கம் சாய முடியும். கடலில் படகுகள் பிடிபட்டு, பிள்ளைகள் சிறையில் இருக்கும் வாரத்தில் எல்லை தாண்டுவதைப் பற்றிய நகைச்சுவையை மறு ஒளிபரப்புச் செய்தால் நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் பென், டெல்லர் என்ற இரண்டு மாயவித்தைக்காரர்கள் 2003 முதல் 2010 வரை ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மக்கள் நம்பும் புளுகுகளை உடைப்பதுதான் அவர்கள் வேலை. அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையில் இருவருக்கும் ஊறிய பற்று உண்டு. அந்தக் கொள்கையைப் பரப்பும் கேட்டோ நிறுவனத்தில் அவர்கள் கௌரவ ஆய்வாளர்கள். அடுத்தவர் விடும் புகையால் ஆபத்து என்பதே மிகைப்படுத்தல் என்று ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். சட்டம் போட்டுப் புகையைத் தடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது, அந்தப் பிடிக்காமை அறிவியலின் வேடம் கட்டிக்கொண்டு வந்தது. 2006இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை, அடுத்தவர் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று திட்டவட்டமாகச் சொன்னது. தாங்கள் சொன்னது தவறாக இருக்கலாம் என்று பென் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

திருத்திக்கொள்ளும் பழக்கம் உள்ள நிகழ்ச்சிகளை நான் அதிகம் நம்புகிறேன். 2015இல் தொடங்கிய ஆடம் கானோவரின் அமெரிக்க நிகழ்ச்சியில், அவர் ஒன்றைச் சொல்லும்போதே ஆதாரம் எந்தக் கட்டுரை, எந்த நூல் என்பது திரையிலேயே ஓடும். தாங்கள் செய்த பிழைகளை எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு நிகழ்ச்சியில் இடம் ஒதுக்கினார்கள். அவருடைய அரசியல் சாய்வு வெளிப்படையானது, பிடிக்காதவர்கள் பலர். ஆனால் பிடிக்காதவரும் போய்ச் சரிபார்க்க வழி வைத்திருக்கிறார்.

பி.பி.சி.யின் 'க்யூ.ஐ.' என்ற வினாடி வினா நகைச்சுவை 2003 முதல் ஓடுகிறது. எல்லோரும் நம்பும் தவறான விடையை யாராவது சொன்னால் சங்கு ஊதி மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். எனக்குப் பிடித்த நிகழ்ச்சிதான். ஆனால் அந்தச் சங்குச் சத்தத்துக்குள் ஒரு சாய்வு இருக்கிறது, அது கட்சிச் சாய்வு அல்ல. ஊர்க்காரனுக்குத் தெரிந்தது எப்போதும் தப்பு, படித்தவன் சொல்வதே சரி என்ற எண்ணத்தை அந்தச் சத்தம் திரும்பத் திரும்பப் பிள்ளைகள் மனதில் பதிக்கிறது. சின்னப்பாலத்திலும் ஏர்வாடியிலும் பாசி எடுக்கும் பெண்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் எந்த மாதம் நிற்கும், கட்டக்கோரைப் பாசி எப்போது கரை ஒதுங்கும், எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் அத்துபடி. கடலை விளக்கும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் அவர்களில் ஒருவர் அறிந்தவராக வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் 'தடை செய்த தீவுக்கு ஏன் போனாய்' என்று கேட்கப்படுகிறவராகவே வருகிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதும், 2001இல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததும் பல குடும்பங்களின் வருமானத்தை ஒரே நாளில் குற்றமாக்கின. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கதையில் சிரிக்கத்தக்கவர் அந்தப் பெண்தானா என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவரும் கொழுந்தனும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து எதிரெதிராகப் பேசியதற்கு வருகிறேன். இதை ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். 1982இல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். காட்டியது ஒரே பதிவு. இரண்டு தரப்புமே செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாக அடித்துச் சொன்னது. வல்லோன், ராஸ், லெப்பர் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இது. அதில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. சம்பவத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே அதிகச் சாய்வைக் கண்டார்கள். விவரம் தெரிந்தவருக்குத்தான் எது விடுபட்டது என்பது கண்ணில் படும். எனவே, 'எங்களுக்கு எதிரானது' என்ற உணர்வை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சியைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, அந்த உணர்வைப் பிதற்றல் என்று தள்ளவும் கூடாது. அடுத்த கேள்வியாக 'எது விடுபட்டது?' என்று கேட்டுவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். விசைப்படகு டிரைவருக்கு விடுபட்டதாகத் தெரிவது கடனும் அரசுக் கொள்கையும். நாட்டுப்படகுக்காரருக்கு விடுபட்டதாகத் தெரிவது வேறு: கரையோரக் கடலைச் சட்டம் அவருக்கு ஒதுக்கியிருந்தும் இழுவை மடி உள்ளே வந்து வலையை வாரிப் போவது, வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள் என்று வைத்த ஏற்பாடு மீறப்படுவது, இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கு உள்ள தடை காகிதத்தில் நிற்பது. இவை எல்லாவற்றையும் அந்த நிகழ்ச்சி 'மீனவர்' என்ற ஒரே கைலிக்குள் கட்டிப்போட்டுவிட்டது. ஒருவருக்கு அது அவமானம், இன்னொருவருக்கு அது எதிராளிக்குக் கிடைத்த மறைவிடம். இருவர் சொன்னதும் சரி.

நகைச்சுவை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஸ்டீபன் கோல்பேர் என்ற அமெரிக்கர் வலதுசாரித் தொகுப்பாளராக வேடம் போட்டு வலதுசாரிகளைக் கிண்டல் செய்தவர். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எல்லாத் தரப்பினரும் அவரைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. ஆனால் வலதுசாரிகளில் பலர், அவர் வேடிக்கைக்காகப் பேசுவதுபோல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் தங்கள் கருத்தையே சொல்கிறார் என்று நினைத்தார்கள். நம் நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1984, 85இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய இந்தித் தொடர் 'ஹம் லோக்', பொழுதுபோக்கின் வழியே சமூகப் பாடம் சொல்லவென்றே திட்டமிட்டு எடுத்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பாடத்தை எடுத்துச் சொல்வார். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு போகும் தாய் பாகவந்தியை, 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டுவதற்காகப் படைத்தார்கள். பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவரையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பாடத்தை நேரடியாகச் சொல்லியும் இந்த நிலை. கிண்டலுக்குள் ஒளித்துச் சொன்னால் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று எழுதியவருக்கே உறுதி இருக்காது.

'சும்மா ஜோக்தானே' என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். பிள்ளைகள் எல்லோரும் சொல்வது. 2007இல் நபி என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் இதையே சோதித்தார்கள். சிரிப்போடு வரும் கருத்தை நாம் எதிர்த்து வாதாடுவது குறைகிறது, அதே சமயம் விளையாட்டுக்குச் சொன்னது என்று தள்ளியும் வைத்துவிடுகிறோம் என்று கண்டார்கள். தள்ளி வைத்தது அழிந்துவிடுவதில்லை, நாள் கழித்து அதன் தாக்கம் மேலே வரக்கூடும் என்பதற்கான அறிகுறியும் கிடைத்தது. எல்லைக்கோட்டை டார்ச் அடித்துத் தேடியவர் பிள்ளையின் மனதில் தங்குவார். 1974 என்ற ஆண்டு தங்காது.

நகைச்சுவையோடு பாடம் சொல்வது நமக்குப் புதிதா என்ன? தோல்பாவைக்கூத்தில் கோமாளிகளான உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் ராமாயணத்துக்கு நடுவே வந்து ஊர் நியாயம் பேசுவார்கள். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேள்வி கேட்பான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் சரித்திரத்தின் சாயலில் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் படிக்க ஆசைப்படும் கதை. அதில் சிரிப்பு அந்தச் சிறுவன் மேல் விழவே விழாது, அவனைத் தடுக்கும் ஊரின் மேல் விழும். கலைவாணருக்குச் சாய்வு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுச் சாய்வு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

பட்டிமன்றமும் அப்படியே. பொங்கலன்று காலையில் சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து, இரண்டு அணியும் சிரிக்க வைத்து வாதாடும்போது, யார் எந்தப் பக்கம் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகிறது. பேசுகிறவர் ஒருதலைப்பட்சமாகப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். ரசித்துவிட்டு, நம்ப வேண்டியதை மட்டும் நம்புவார். கோட் போட்ட தொகுப்பாளர் அப்படி அல்ல. அவரும் ஒரு பக்கத்தில் நிற்கிறார், ஆனால் 'நான் சொல்வது வெறும் உண்மை' என்று சொல்லி நிற்கிறார். தமிழ்ப் பார்வையாளர்கள் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்த்து எரிச்சலடைவதற்குப் பெரும்பகுதி காரணம் இந்த மறைப்புதான் என்பது என் கருத்து. சாய்வை நாம் பொறுத்துக்கொள்வோம். சாய்வே இல்லை என்று சாதிப்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

நம் கரைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பயிற்சியும் உண்டு. ஆண்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி, இன்னொரு பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன் என்று வளர்ந்தவர்கள் நாம். இலங்கை வானொலியின் தமிழைக் கேட்டே வானொலிக்குப் பழகியவர்கள். கடலில் நடந்த ஒரே சம்பவத்தை இரண்டு அரசுகளின் செய்தியிலும் ஒரே இரவில் கேட்டு, இரண்டுக்கும் நடுவே நடந்தது என்ன என்று காலையில் கரையிலுள்ள மீன் கொட்டகையான வாடியில் உட்கார்ந்து பேசிய பழக்கம் பல ஊர்களுக்கு வாய்க்காதது. உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், சொல்வார். உங்கள் மகனுக்குக் கைபேசி ஒரே திசையிலிருந்து மட்டும் கொண்டுவந்து கொட்டுகிறது.

எனவே அவனைத் தடுக்க வேண்டாம், கூட உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் உண்மையா பொய்யா என்று விவாதம் தொடங்க வேண்டாம், அதில் அவன் ஜெயித்துவிடுவான். சிரிப்பொலி யார் பேசும்போது வந்தது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். இந்தக் கதையில் சம்பந்தப்பட்டும் திரைக்கு வராதவர்கள் யார் யார் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். அவன் அப்பா, சித்தப்பா இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே போடட்டும். மன்னார்க்காரர்களை அவர்கள் இருவருமே விட்டுவிடக்கூடும், நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி, நாங்கள் லாத்தா என்று அழைப்பவர், முத்துக்குளிப்பைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் தன் பேரப் பிள்ளைகளிடம் இதைத்தான் செய்தார். பிள்ளைகள் எழுதிய பட்டியலில் முத்துக் குளித்தவர்கள் இருந்தார்கள், படகு உரிமையாளர்களான சம்மாட்டிகள் இருந்தார்கள், ஏலம் விட்ட வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். நிகழ்ச்சியில் இருந்தவர் முத்துமாலை போட்ட ராணி ஒருவர் மட்டுமே.

பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' 90.4 பண்பலையையும் வீட்டில் போட்டு வையுங்கள். மீனவர்களுக்காக மீனவச் சமூகத்தின் குரலிலேயே ஒலிக்கும் சமுதாய வானொலி அது. கைலி கட்டியவர் அங்கே விளக்கம் சொல்கிறவராக இருப்பதை அவன் காதால் கேட்கட்டும்.

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது, அதை எழுந்து போவதோடு விட வேண்டாம். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதி, இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழிவாகவோ ஏளனமாகவோ மேட்டிமைத்தனத்தோடோ சித்திரிக்கும் காட்சிகளையும் சொற்களையும் தடை செய்கிறது. 2021இல் செய்த திருத்தத்தின்படி, பார்வையாளர் யாரும் அலைவரிசைக்கே எழுத்தில் புகார் அனுப்பலாம். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் அந்த அலைவரிசை சேர்ந்திருக்கும் சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். இணைய ஒளிபரப்புத் தளங்களுக்கும் 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

புகாரில் 'மீனவர்களை அவமதித்துவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், அதோடு முடிந்துவிடும். நைட்டிங்கேல் சங்கம் ஜெயித்ததற்குக் காரணம், எந்தக் காட்சி, எந்த வசனம், எந்த ஆதாரத்துக்கு முரண் என்று விரல் வைத்துக் காட்டியதுதான். தேதி, நேரம், எத்தனையாவது நிமிடம், வசனம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில், விசைப்படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எல்லை தெரியாமல் யாரும் போவதில்லை என்பதைப் படகிலுள்ள கருவியின் புகைப்படத்தோடு சேருங்கள். பிறகு கரையோரக் கடல், இழுவை மடி பற்றிக் கொழுந்தன் சொல்வதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அண்ணன், தம்பி இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். தமிழிலேயே எழுதலாம், எழுத்து வேலையை மகனிடம் கொடுங்கள்.